ஒரே கழகம், ஒரே ஆட்டமுறை: திருகோணமலையில் 12 வயது அணியிலிருந்து சிரேஷ்ட அணி வரை

திருகோணமலையில் ஒரு சிரேஷ்ட உதைபந்தாட்ட அணியின் முதல் பதினொரு பேரும் நாலு கிழமை தொடர்ந்து ஒன்றாக இறங்குவது அரிது. ஒருவர் ஆழ்கடலுக்குப் போயிருப்பார். ஒருவருக்கு இரவு ஷிப்ட். ஒருவருக்கு அரச உத்தியோகத்தில் இடமாற்றம். இன்னொருவருக்குக் கட்டார் விசா வந்துவிடும். அந்த இடத்துக்கு 19 வயது அணியிலிருந்து ஒருவரை ஏற்றுவதுதான் வழக்கம். ஏறியவர் களத்தில் இறங்கியதும் சிக்கல் தெரியவரும். கீழே பந்தை உள்ளே, மத்தியகளத்துக்குக் கொடுத்துப் பழகியவரை மேலே கோட்டோரமாகத் தூக்கி அடிக்கச் சொல்வார்கள். கீழே பந்து பறிபோனதும் விரட்டியவரை மேலே பின்னுக்கு வரச் சொல்வார்கள். முதற்பாதி முழுதும் ஏச்சு வாங்கி, இரண்டாம் பாதியில் மாற்றப்பட்டு, அடுத்த கிழமை பயிற்சிக்கே வராமல் நின்றுவிடும் பிள்ளைகள் உண்டு.

ஆட்டமுறையை ஒன்றாக்குவது என்றதும் பலருக்கு அழகான ஆட்டம் நினைவுக்கு வரும். எங்கள் ஊருக்கு அதன் முதற்பயன் வேறு: ஆள் மாறினாலும் அணி குலையாது, பயிற்றுவிப்பாளர் மாறினாலும் பிள்ளைகள் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. இந்த ஆய்வு அந்தப் பக்கத்திலிருந்து எழுதப்படுகிறது.

இங்கே எடுத்துக்கொள்ளும் கழகம் ஒரு மாதிரி. உப்புவெளி, பாலையூற்று, திருக்கடலூர், கிண்ணியா, மூதூர் என்று மாவட்டமெங்கும் பொதுவாகக் காணும் நிலைமைகளை ஒன்றாக வைத்து அமைத்தது. 12, 14, 16, 19 வயதுக்குட்பட்ட நாலு அணிகள், ஒரு சிரேஷ்ட அணி. ஐந்து பயிற்றுவிப்பாளர்கள், ஆசிய உதைபந்தாட்டச் சம்மேளனத்தின் ‘சி’ தர உரிமம் பெற்றவர் அவர்களில் ஒருவரே. கிழமைக்கு மூன்று பின்னேரம். மற்றக் கழகங்களோடும் பாடசாலைகளோடும் பகிரும் ஒரு மைதானம். வெளிநாட்டு உதாரணங்கள் மட்டும் உண்மையில் நடந்தவை.

பெல்ஜியம் செய்தது என்ன

2000ஆம் ஆண்டு ஐரோப்பியக் கிண்ணத்தை நெதர்லாந்தோடு சேர்ந்து நடத்திய பெல்ஜியம், சொந்த மண்ணில் முதற்சுற்றோடு வெளியேறியது. அதன்பின் அந்நாட்டுச் சம்மேளனத்தின் தொழில்நுட்பப் பணிப்பாளர் மிஷெல் சப்லோன் தலைமையில் இளையோர் ஆட்டம் அடியிலிருந்து மாற்றப்பட்டது. ஏறத்தாழ 1500 இளையோர் போட்டிகளின் ஒளிப்பதிவுகளைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அலசினார்கள். சின்னப் பிள்ளைகள் அரை மணி நேரத்தில் ஓரிரு தடவைதான் பந்தைத் தொடுகிறார்கள் என்று தெரியவந்தது. அதற்கு விடையாக 2க்கு 2, 5க்கு 5, 8க்கு 8, பிறகு 11க்கு 11 என்று படிகள் வைத்தார்கள். 5க்கு 5இல் வைர வடிவம்; 8க்கு 8இல் இரண்டு வைரம்; 11க்கு 11இல் 4-3-3, அதாவது பின்களத்தில் நால்வர், மத்தியகளத்தில் மூவர், முன்களத்தில் மூவர். ஒரு படியில் கற்றது அடுத்த படியில் வீணாகாது. மிகச் சின்ன வயதினருக்குப் புள்ளிப்பட்டியலே இல்லாமற் செய்தார்கள்.

2002 உலகக் கிண்ணத்துக்குப் பிறகு 2004, 2006, 2008, 2010, 2012 என ஐந்து பெருந்தொடர்களுக்கு பெல்ஜியம் தகுதி பெறவில்லை. திட்டம் நடந்துகொண்டிருந்த காலம் அது. இடையில் யாரும் அதைக் கிழித்துப் போடவில்லை. 2014இல் உலகக் கிண்ணக் காலிறுதி, 2015 நவம்பரில் உலகத் தரவரிசையில் முதலிடம், 2018 உலகக் கிண்ணத்தில் மூன்றாமிடம். எங்கள் கழக நிர்வாகங்கள் கவனிக்க வேண்டியது கடைசி மூன்று வரிகளைவிட அதற்கு முந்திய பத்து வருடத்தை. இங்கே ஒரு பருவம் தோற்றால் பயிற்றுவிப்பாளரை மாற்றுவது பழக்கம். அப்படி மாற்றிக்கொண்டிருக்கும் கழகத்தில் எந்த ஆட்டமுறையும் வேர்விடாது.

பார்சலோனாவில் 1988இல் யொஹான் குரைஃப் பயிற்றுவிப்பாளராக வந்தபின், இளையோர் அணிகளும் முதலணியின் முறையிலேயே ஆடுவது நிலைபெற்றது. 2012 நவம்பர் 25 அன்று லெவன்டே அணிக்கு எதிரான போட்டியில் டானி அல்வெஸ் உபாதையோடு வெளியேற, மொன்டோயா உள்ளே வந்தார். அப்போது களத்தில் நின்ற பதினொரு பேரும் அக்கழகத்தின் இளையோர் பள்ளியில் வளர்ந்தவர்கள். மாற்று ஆள் வந்தும் ஆட்டம் மாறவில்லை. 1995இல் ஐரோப்பியச் சாம்பியனான அஜாக்ஸிலும் இதுதான்: இறுதியாட்டத்தில் மிலானுக்கு எதிரான ஒரே கோலை அடித்தவர் மாற்று வீரராக வந்த 18 வயது பேட்ரிக் குளைவர்ட். 18 வயதில் இறுதியாட்டத்துக்குள் போனவருக்கு எங்கே ஓட வேண்டும் என்று யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

அவர்களுடைய புல்தரையும் பணமும் எங்களிடம் இல்லை. ஆனால் ஒரே படிமுறை, ஒரே இலக்கமிடல், ஒரே சொற்கள் ஆகிய மூன்றுக்கும் பணம் தேவையில்லை.

முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும்

ஆட்டமுறையைத் தாளில் எழுதும் முன் ஐந்து அணிகளும் இப்போது எப்படி ஆடுகின்றன என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு அணிக்கும் இரண்டு போட்டி போதும். கோலுக்குப் பின்னால், கொஞ்சம் உயரத்தில் ஒரு கைத்தொலைபேசியை வைத்துப் பதிவு செய்யலாம். இன்னொருவர் கொப்பியில் ஐந்து விடயங்களைக் குறிக்கட்டும்: கோல் உதை (எதிரணி தொட்ட பந்து கோல் கோட்டைத் தாண்டியபின் ஆட்டத்தை மறுபடி தொடங்கும் உதை) குறுகியதா நீண்டதா, அதன் இரண்டாவது தொடுகைக்குப் பின் பந்து யாரிடம், பந்தைப் பறித்தபின் எத்தனை பரிமாற்றம் தொடர்ந்தது, பந்தை இழந்தபின் அருகில் நிற்பவர் முன்னே போனாரா பின்னே போனாரா, மைதானத்தை ஆறு கட்டமாகப் பிரித்தால் எந்தக் கட்டத்தில் அதிகம் இழக்கிறார்கள்.

இதை ஐந்து பயிற்றுவிப்பாளர்களும் ஒன்றாக இருந்து பார்க்க வேண்டும். பெரும்பாலும் காண்பது இதுதான்: சிரேஷ்ட அணி உயரமான முன்கள வீரரை நோக்கி நீள அடிக்கும்; 16 வயது அணியில் மூவர் பின்கள வரிசை; 14 வயது அணியில் எல்லாப் பந்தும் கெட்டிக்காரன் ஒருவனுக்கு; 12 வயது அணியில் பந்தைச் சுற்றி ஒரு கூட்டம். ஒவ்வொருவரும் தங்கள் முறை சரியென்று நினைத்துச் செய்ததே. எண்ணிக்கைகளை அருகருகே வைத்துப் பார்த்தால் வாதத்துக்கு இடம் குறையும்.

ஒரு பக்கத் தாள்

ஆட்டமுறை ஒரே பக்கத்தில் எழுதி முடிய வேண்டும். இருபது பக்கம் எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள். புதிதாக வரும் பயிற்றுவிப்பாளர் அரை மணி நேரத்தில் விளங்கிக்கொள்ளும் அளவுதான் சரி. எங்கள் மாதிரிக் கழகத்தின் தாளில் ஐந்து கொள்கைகள்.

பந்து எங்களிடம் இருக்கும்போது, பந்து வைத்திருப்பவருக்கு எப்போதும் மூன்று வழி இருக்க வேண்டும்: பக்கத்தில் ஒருவர், பின்னுக்கு ஒருவர், முன்னே ஒருவர்; முதல் இருவரும் 10 முதல் 12 மீற்றருக்குள். ஒரு பக்கம் நெரிசலானால் மூன்று பரிமாற்றத்துக்குள் மறுபக்கம் மாற வேண்டும். பந்து பறிபோனால் அருகிலுள்ள மூவர் 5 விநாடி விரட்ட வேண்டும். அதற்குள் கிடைக்காவிட்டால் எல்லாரும் நடுக்கோட்டுக்குப் பின்னால் இறங்க வேண்டும். பந்து எதிரணியிடம் நிலைத்திருக்கையில் கடைசிப் பின்கள வீரருக்கும் முன்னே நிற்கும் வீரருக்கும் இடையே 35 மீற்றருக்கு மேல் போகக்கூடாது. எதிரணிக் கோலுக்கு முன்னான கடைசி மூன்றிலொரு பங்கில் ஆளைத் தாண்டி ஓட எவருக்கும் முழு உரிமை உண்டு.

அந்த ஐந்தாவது கொள்கையை விட்டுவிட்டால் மற்ற நாலும் பிள்ளைகளை இயந்திரமாக்கிவிடும். பரிமாற்றம் பரிமாற்றம் என்று அடித்துப் பழக்கி, பந்தோடு ஓடத் தெரிந்த பிள்ளையின் காலைக் கட்டிய கழகங்கள் ஏராளம்.

இலக்கங்கள் நெதர்லாந்து முறையில்: 1 கோல் காப்பாளர், 2 வலது பின்களம், 3, 4 நடுப் பின்களம், 5 இடது பின்களம், 6 தற்காப்பு மத்தியகளம், 8, 10 மற்ற மத்தியகளத்தார், 7 வலது ஓரம், 9 முன்கள நடு, 11 இடது ஓரம். போட்டியில் என்ன இலக்கச் சட்டை போட்டாலும் பயிற்சியில் இவைதான் பெயர். “ஆறு எங்கே?” என்றால் 12 வயதுப் பிள்ளைக்கும் 30 வயது வீரருக்கும் ஒரே இடம் தெரிய வேண்டும்.

களத்தில் கத்தும் சொற்கள் ஆறே ஆறு: ஆள் (எதிராளி கிட்ட வருகிறார்), திரும்பு, பின்னுக்கு, மாத்து (மறுபக்கம் கொடு), இறுக்கு (விரட்டு), இறங்கு. சிங்களம் பேசும் பிள்ளைகளும் சேர்ந்து ஆடும் அணிகளில்கூட ஆறு சொல்லை ஒரு பின்னேரத்தில் பழகிவிடலாம். பயிற்றுவிப்பாளர்கள் ஆளுக்கொரு சொல் வைத்திருப்பதுதான் பழக்கத்தைக் கெடுக்கும்.

இடப்பிரிப்புக்கு நூலும் நாடாவும் வேண்டாம். கோலுக்கு முன்னுள்ள 16.5 மீற்றர் பெட்டியின் (தண்டனைப் பெட்டி) பக்கக் கோடுகளையும் அதற்குள் இருக்கும் 5.5 மீற்றர் பெட்டியின் பக்கக் கோடுகளையும் மைதானத்தின் நீளத்துக்குச் சுண்ணாம்பில் நீட்டினால் ஐந்து பாதைகள் கிடைக்கும். 68 மீற்றர் அகல மைதானத்தில் ஓரப் பாதைகள் 13.84 மீற்றர், அவற்றுக்கு உள்ளே இருப்பவை 11 மீற்றர், நடுப்பாதை 18.32 மீற்றர். ஒரே விதி: ஒரே பக்கத்துப் பின்கள வீரரும் ஓர வீரரும் ஒரே நேரத்தில் ஒரே பாதையில் நிற்கக்கூடாது. 7 கோட்டோரம் நின்றால் 2 உள்ளே. 7 உள்ளே வந்தால் 2 வெளியே. இந்த ஒரு விதி மட்டும் பழகினாலே சிரேஷ்ட அணியின் நெரிசல் பாதி குறையும்.

கோல் உதை: எல்லாம் தொடங்கும் இடம்

ஐந்து அணிகளும் ஒன்றாக ஆடுகின்றனவா என்று அறிய ஒரே ஒரு காட்சியைப் பார்த்தால் போதும் என்றால், அது கோல் உதை. அதிகம் தவறு நடப்பதும் இங்கேதான்.

2019 யூனிலிருந்து கோல் உதையில் பந்து தண்டனைப் பெட்டியை விட்டு வெளியேற வேண்டியதில்லை. உதைத்து அசைந்ததும் ஆட்டம் தொடங்கிவிடும். ஆகவே 3உம் 4உம் பெட்டிக்குள்ளேயே நின்று வாங்கலாம். எதிரணி மட்டும் பந்து அசையும்வரை பெட்டிக்கு வெளியே நிற்க வேண்டும். இன்னும் பல அணிகள் பழைய விதிப்படி பெட்டிக்கு வெளியே நின்று வாங்குகின்றன. விதி தந்த நன்மை வீணாகிறது.

நிற்கும் இடம்: 3, 4 இருவரும் 5.5 மீற்றர் பெட்டியின் மூலைகளுக்குச் சற்று வெளியே, கோல் காப்பாளரிடமிருந்து 12 முதல் 14 மீற்றரில். நல்ல புல்தரையில் இன்னும் அகலலாம்; மேடுபள்ளமான தரையில் 15 மீற்றருக்கு மேற்பட்ட தரைப்பந்து நம்பகமில்லை. 2, 5 கோட்டோரம், கோல் கோட்டிலிருந்து 25 மீற்றர் அளவில். 6 பெட்டி வளைவுக்கு வெளியே. 8, 10 நடுக்கோட்டுக்குச் சற்றுப் பின்னால். 9 எவ்வளவு முன்னே நிற்கலாமோ அவ்வளவு முன்னே.

பிறகு கோல் காப்பாளர் பெட்டி விளிம்பில் நிற்கும் எதிராளிகளை எண்ண வேண்டும். யாரும் இல்லையென்றால் விரும்பிய பக்கம் குறுகிய பந்து. ஒருவர் நின்றால் அவர் நிற்காத பக்கம். இருவரோ அதற்கு மேலோ ஆளுக்கொருவராகப் பிடித்து நின்றால் நீள உதை. நீள உதை தடைசெய்யப்பட்டதல்ல; எங்கே விழும் என்று முன்கூட்டியே முடிவானதாக இருக்க வேண்டும். இந்தக் கழகத்தில் அது எப்போதும் இடப்பக்கம், 11இன் பாதைக்கும் நடுப்பாதைக்கும் இடையில். 9 தலையால் மோத, 8உம் 10உம் 8 மீற்றருக்குள் இரண்டாம் பந்துக்கு, அதாவது மோதிச் சிதறும் பந்துக்குக் காத்திருக்க, 5 உள்ளே ஒடுங்க வேண்டும். இது ஐந்து அணிகளுக்கும் பொது. 12 வயதினருக்கு மட்டும் விழும் தூரம் கிட்ட.

முதற்பருவத்தில் விழும் கோல்களில் பெரும்பாலானவை மூன்று காரணங்களால் வரும். முதலாவது, 3ஓ 4ஓ பந்தை 6க்குக் கொடுக்க, 6 முதுகைக் காட்டியபடி வாங்கித் திரும்புகையில் பறிபோவது. 2 மீற்றருக்குள் ஆள் நின்றால் 6க்கு முதற்பந்து இல்லை. வேண்டுமானால் 6 ஒரே தொடுகையில் திருப்பிக் கொடுக்கலாம். இரண்டாவது, கோல் காப்பாளர் பந்தை வாங்குபவரின் உட்காலுக்குக் கொடுப்பது. கோட்டுப்பக்கக் காலுக்குக் கொடுத்தால் வாங்குபவரின் உடம்பு தானாகவே களத்தை நோக்கித் திறக்கும். உட்காலுக்குக் கொடுத்தால் அவர் தன் கோலைப் பார்த்தபடி நிற்பார். மூன்றாவது, கொடுத்துவிட்டுக் கோல் காப்பாளர் கோட்டுக்கே திரும்பிப் போவது. அவர் பெட்டிக்குள் பந்தின் பக்கமாக நகர்ந்து மறுபடி வாங்கத் தயாராக நிற்க வேண்டும். அப்படி நின்றால் எதிரணியின் இரண்டு முன்கள வீரர்களுக்கு எதிரே எங்களுக்கு மூவர்.

தரை, வெயில், மாரி

ஆட்டமுறையைத் தொலைக்காட்சியில் பார்த்துத் தெரிவுசெய்யும் கழகம் தன் மைதானத்தை மறந்துவிடுகிறது. எங்கள் கரையோர மைதானங்கள் மணற்பாங்கானவை. கோடையில் புல் கருகித் தரை கெட்டியாகி, மேல் மணல் மட்டும் இளகிக் கிடக்கும். பந்து துள்ளும், அல்லது திடீரெனச் சாகும். ஏகாம்பரம் மைதானத்திலோ மக்கெய்சர் விளையாட்டரங்கிலோ ஆடப்போகும் அணி வேறு தரையைச் சந்திக்கும். ஆகவே தரைக்குத் தக்கபடி மாறக்கூடியவை எவை என்பதும் தாளின் அடியில் எழுதப்பட வேண்டும்.

பந்தின் காற்றழுத்தம் முதலாவது. விதி 0.6 முதல் 1.1 வளியழுத்தம் வரை இடம் தருகிறது. கெட்டித்தரை நாளில் 0.65 - 0.7, ஈரமணலில் 0.9 - 1.0. ஒரு அமுக்கமானி வாங்கி, அன்றைக்கு எல்லா அணிகளின் பந்துகளையும் ஒரே அளவில் வைக்க வேண்டும். விரலால் அமுக்கிப் பார்த்து ஊதும் பந்துகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரித் துள்ளும். பிள்ளையின் முதற்தொடுகை சரியில்லை என்று பழி அவன்மேல் விழும்.

இரண்டாவது, வாங்குபவர் பந்தை நோக்கி இரண்டடி வர வேண்டும். மணலில் காத்து நிற்பவருக்குப் பந்து வந்து சேராது. மூன்றாவது, கடற்கரையில் ஆடி வளரும் பிள்ளைகளிடம் இருக்கும் திறமையைப் பயன்படுத்த வேண்டும்: நெஞ்சில் வாங்குவது, பந்தை நிலத்தில் விடாமல் காலால் தூக்கிக் கொடுப்பது. இதைப் பாவிக்காமல் தரைப்பந்து மட்டும் என்று விதிப்பது மடத்தனம். 10 மீற்றருக்குள் இடுப்புயரப் பந்தைக் கொடுத்து வாங்கும் பயிற்சி எல்லா வயதினருக்கும் கிழமைக்கு 10 நிமிடம் இருக்கட்டும்.

மே முதல் செப்டெம்பர் வரை கச்சான் காற்று வீசும் நாட்களில் பின்னேரம் நாலரை மணிக்கும் தரை சுடும். 90 நிமிடமும் முழுமைதானத்தில் விரட்டும் முறை இங்கே உடம்புக்கு ஒவ்வாது. 5 விநாடி விரட்டு, பிறகு இறங்கு என்ற விதி அதனால்தான். ஒவ்வொரு பாதியின் முதல் 15 நிமிடமும் எதிரணியின் பக்கத்திலேயே விரட்டலாம். மற்ற வேளைகளில் விரட்டுவதற்கான அடையாளம் (கீழே 16 வயதுப் படியில்) கண்டால் மட்டும். பயிற்சியில் 15 - 20 நிமிடத்துக்கு ஒருமுறை தண்ணீர். தாகம் எடுக்கும்வரை காத்திருக்கக்கூடாது.

யூனில் 6.20 தாண்டியும் வெளிச்சம் இருக்கும். நவம்பரில் 5.45க்கே இருட்டிவிடும், மழையும் சேரும். ஒக்டோபர் கடைசி தொடக்கம் ஜனவரி வரை முழுமைதானப் பயிற்சியை நம்பித் திட்டம் போடக்கூடாது. சீமெந்து வலைப்பந்துத் தளத்தில் 4க்கு 4, ஒளிப்பதிவு பார்த்தல், தாளைப் படித்துப் படம் வரைதல் ஆகியவற்றை அந்த மாதங்களுக்கு ஒதுக்கலாம்.

வயதுப் படி

12 வயதுக்குட்பட்டோர்: 4ஆம் இலக்கப் பந்து, 9க்கு 9, மைதானம் ஏறத்தாழ 73க்கு 46 மீற்றர், 3-2-3 அமைப்பு. இதிலும் சின்னவர்கள் இருந்தால் 7க்கு 7, 2-3-1. இவர்களுக்கு ஐந்து கொள்கைகளில் முதலாவதும் கடைசியும் மட்டும். ஒவ்வொரு பிள்ளையும் அரைப்பருவத்தில் குறைந்தது மூன்று இடங்களில் ஆட வேண்டும், கோல் காப்பாளர் இடம் உட்பட. 11 வயதில் உயரமாக இருக்கிறான் என்று 4இல் நிறுத்தினால் 15 வயதில் மற்றவர்கள் அவனை எட்டிவிடுவார்கள். அப்போது அவனிடம் உயரமும் இல்லை, பந்துப் பழக்கமும் இல்லை. பயிற்சி 70 நிமிடம். பயிற்றுவிப்பாளரின் தொடர்பேச்சு ஒரு நிமிடத்தைத் தாண்டக்கூடாது.

14 வயதுக்குட்பட்டோர்: 5ஆம் இலக்கப் பந்து, 11க்கு 11, 4-3-3. பக்கம் மாற்றுவதும், உடம்பைத் திறந்து வாங்குவதும் இங்கே சேரும். திடீர் வளர்ச்சி வரும் வயது. ஆறு மாதம் பிள்ளையின் காலும் பந்தும் ஒத்துவராது, முழங்காலுக்குக் கீழே எலும்புமுனையில் நோ வரும். துள்ளல் பயிற்சியைக் குறைத்துப் பொறுத்திருக்க வேண்டும். நல்ல வீரர்களைக் கழகங்கள் இழப்பது அதிகம் இந்த ஆறு மாதத்தில்தான்.

16 வயதில் விரட்டுவதற்கான அடையாளங்கள்: எதிராளியின் தொடுகை நீளுதல், பின்னோக்கிய மெதுவான பந்து, தன் கோலைப் பார்த்தபடி வாங்குதல், கோட்டோரப் பின்கள வீரருக்குப் பந்து போதல். 35 மீற்றர் ஒடுக்கமும் இங்கே. 19 வயதில் சிரேஷ்ட அணியின் கோணர் உதை, ஃப்ரீ கிக் ஏற்பாடுகள் அப்படியே. சிரேஷ்ட அணி எதிரணிக்கேற்ப மாற்றங்கள் செய்யலாம்; ஆனால் இலக்கங்களும் சொற்களும் கோல் உதையும் மாறா.

பயிற்சிச் சுழற்சி 12 கிழமை: ஆறு தலைப்பு, ஒவ்வொன்றும் இரண்டு கிழமை, ஐந்து அணிகளுக்கும் ஒரே தலைப்பு. பயிற்சி ஒன்றே, அளவு மட்டும் மாறும். ரொண்டோ (சுற்றி நிற்பவர்கள் நடுவில் நிற்பவரிடம் சிக்காமல் பந்தைப் பரிமாறும் பயிற்சி) 12 வயதில் 4க்கு 1, 8 மீற்றர் சதுரம். 14இல் 4க்கு 2, 10 மீற்றர். 16இலிருந்து 6க்கு 3, 14 மீற்றர். தரை மோசமான நாளில் ஒவ்வொரு பக்கமும் 2 மீற்றர் கூட்டுங்கள். இல்லையென்றால் பழகுவது பந்தை இழப்பதைத்தான்.

சாமான் அதிகம் வேண்டாம். 4ஆம் இலக்கப் பந்து 12, 5ஆம் இலக்கம் 16, கோன் 40, மூன்று நிறத்தில் பிப் (அணி பிரிக்கச் சட்டைக்கு மேல் போடுவது) பத்துப் பத்து. சிறு கோல்கள் நாலு வேண்டும். 2 மீற்றர் அகலம், 1 மீற்றர் உயரம். ஒரு கோலுக்கு 4 மீற்றர் நீள இரண்டங்குல பிவிசி குழாய் இரண்டு, முழங்கை மூட்டு ஆறு. ஒரு குழாயை 2 மீற்றராக இரண்டாய் வெட்டினால் மேற்சட்டமும் பின்சட்டமும். மற்றதில் 1 மீற்றர் இரண்டு, 0.8 மீற்றர் இரண்டு. பின்சட்டத்துள் மணலை நிரப்பி ஒட்டிவிட்டால் கச்சான் காற்றிலும் கவிழாது. கழித்த மீன்வலை இந்த ஊரில் தாராளமாகக் கிடைக்கும்.

எங்கே உடையும்

பார்வையாளர் பக்கத்திலிருந்து முதலில் உடையும். 14 வயதுப் பிள்ளை பெட்டிக்குள் பந்தை வைத்திருக்க, பழைய வீரர்களும் அப்பாமாரும் “அடிச்சு விடு தம்பி!” என்று கத்துவார்கள். அடுத்த முறை பிள்ளை அடித்து விடுவான். பருவம் தொடங்குமுன் பெற்றோரைக் கூட்டி, இந்த வருடம் இந்த இடத்தில் சில கோல் வாங்குவோம், பிள்ளையை ஏச வேண்டாம் என்று கழகத் தலைவர் சொல்ல வேண்டும். பயிற்றுவிப்பாளர் சொல்வது போதாது. தோல்விக்குச் சாட்டுச் சொல்வதாகவே எடுத்துக்கொள்வார்கள்.

அடுத்தது எழுவர் சுற்றுப்போட்டிகள். ஊருக்கு ஊர் நடக்கும், பணப்பரிசு உண்டு, பாதி 10 நிமிடம், சமநிலையானால் பெனால்டி. அங்கே வெல்லும் வழி இரண்டு பலசாலிகளைப் பின்னே நிறுத்தி ஒரு வேகக்காரனுக்கு அடிப்பது. சிரேஷ்ட வீரர்கள் அவற்றில் ஆடுவதைத் தடுக்க முடியாது, தடுக்கவும் தேவையில்லை. 14, 16 வயது அணிகளை எந்தெந்தத் தொடருக்கு அனுப்புவது என்பதைப் பயிற்றுவிப்பாளர்கள் கூடித் தீர்மானிக்க வேண்டும். நிர்வாகத்தில் ஒருவரின் ஆசைக்காக அனுப்பக்கூடாது.

சிரேஷ்ட வீரர்களின் மறுப்பு நியாயமானது. பத்து வருடம் ஒரு விதமாக ஆடி வென்றவர்களிடம் ஐந்து கொள்கையையும் ஒரே நேரத்தில் திணித்தால் இரண்டாம் போட்டியில் கைவிடுவார்கள். முதற்பருவத்தில் அவர்களுக்குக் கோல் உதையும் 5 விநாடி விரட்டும் மட்டும். மூத்த வீரர்களில் இருவரை 12, 14 வயது அணிகளுக்குத் துணைப் பயிற்றுவிப்பாளராக்குவது பேச்சைவிடப் பயன்தரும்: பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதைத் தான் களத்தில் செய்யாமல் இருப்பது அவர்களுக்கே சங்கடமாகிவிடும்.

பாடசாலை இன்னொரு நுணுக்கம். பிள்ளைகளில் பலர் பாடசாலை அணிக்கும் ஆடுவார்கள். உடற்கல்வி ஆசிரியருக்கு அகில இலங்கைப் போட்டி இருக்கிறது, அவருக்கென்று முறை இருக்கிறது. கழகம் போய் உங்கள் ஆட்டத்தை மாற்றுங்கள் என்று கேட்பது மரியாதையும் இல்லை, நடக்கவும் நடக்காது. தாளின் ஒரு பிரதியைக் கொடுத்து, இலக்கங்களையும் ஆறு சொற்களையும் மட்டும் பகிர்ந்துகொள்ளலாம். பாடசாலைப் பருவம் உச்சத்தில் இருக்கும் கிழமைகளில் அந்தப் பிள்ளைகளுக்குக் கழகப் பயிற்சியை ஒரு நாளாகக் குறைப்பது நல்லெண்ணத்தையும் முழங்காலையும் காக்கும்.

சாதாரண தரப் பரீட்சை வருடத்தில் ரியூசன் பிள்ளைகளை எடுத்துக்கொள்ளும். விரட்டிப் பிடிக்க முயல வேண்டாம். ஒரே முறை எல்லா அணியிலும் இருப்பதால், எட்டு மாதம் நின்றுவிட்டு வருபவர் இரண்டு கிழமையில் இடத்தைப் பிடித்துவிடலாம். வாசலை மூடாமல் வைத்திருந்தால் போதும்.

மேலே ஏற்றுதல்

கிழமைதோறும் 19 வயது அணியிலிருந்து இருவர் சிரேஷ்ட அணியோடு ஒரு நாள் பயில வேண்டும், ஆள் தேவைப்பட்டாலும் இல்லாவிட்டாலும். மாதம் ஒருமுறை 16இலிருந்து ஒருவர். ஏறும் நாளில் பயிற்றுவிப்பாளர் அவருக்கு இலக்கத்தை மட்டும் சொல்லிவிட்டுப் பேசாமல் நின்று மூன்றைக் கவனிக்கட்டும்: கோல் உதைக்குத் தானாகச் சரியான இடத்தில் நின்றாரா, பந்து பறிபோனதும் எந்தப் பக்கம் ஓடினார், தன் பக்கத்து ஓர வீரரோடு பாதை மோதியதா. மூன்றும் சரியென்றால் கீழே உள்ள பயிற்சி நடக்கிறது. தவறினால் கேள்வி கேட்கப்பட வேண்டியவர் அந்தப் பிள்ளை அல்ல. இரு அணிகளின் பயிற்றுவிப்பாளர்களும் அன்றிரவே பேச வேண்டும்.

ஒவ்வொரு அணியிலும் துணைப் பயிற்றுவிப்பாளர் ஒருவர் தாளையும் எண்ணிக்கைக் கொப்பியையும் வைத்திருக்க வேண்டும். முதன்மையானவர் இடமாற்றம் பெற்றுப் போனாலும் கொப்பி கழகத்தில் இருக்கும். தாள் வருடத்துக்கு ஒரு தடவை, மாரியில், மைதானம் தண்ணீரில் நிற்கும் காலத்தில் திறக்கப்படும். ஐந்து பயிற்றுவிப்பாளர்களில் நால்வர் உடன்பட்டால் ஒரு கொள்கையை மாற்றலாம். ஒரே வருடத்தில் ஒன்றுக்கு மேல் மாற்றக்கூடாது. பருவத்தின் நடுவில், எத்தனை போட்டி தொடர்ந்து தோற்றாலும், யாரும் தாளில் கைவைப்பதில்லை.